ஸ்குவாட் நடுவில் கண் இருட்டினால்

ஐயா, ஆறு சந்தேகம் எழுதியிருக்கிறீர்கள். அவசரமானது ஒன்றே ஒன்று. தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சி பற்றியது. அதையும் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: “ஸ்குவாட் போடும்போது ஐந்தாவது ஆறாவது தடவை எழும் நேரத்தில் இரண்டு முறை கண் இருட்டியது, வெயில்தான் காரணம்.” 76 வயதில் இதை வெயில் மேல் போட முடியாது. டாக்டர் “இனி பாரம் தூக்காதீர்கள்” என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் இதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால், இதை மறைத்தால்தான் தூக்கவே முடியாமல் போகும்.

எப்போது இருட்டியது என்பதை வைத்துத்தான் நாங்கள் பிரித்துப் பார்க்கிறோம். ஒரு செட், அதாவது தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று முடித்து, பாரை (எடைக் கம்பியை) ரேக்கில் வைத்த பிறகு தலை சுற்றினால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கு நீங்கள் போடும் டாம்சுலோசின், போதாத தண்ணீர், எதுவும் காரணமாகலாம். பாரம் தோளில் இருக்கும்போதே, எழும் முயற்சியின் நடுவில் இருட்டினால் அது வேறு கணக்கு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வில் வயதோடு சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கலாம். 3 முதல் 4 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு 1 சதுர செ.மீ.க்குள் சுருங்கிவிட்டால் அது கடுமையான அடைப்பு. உழைக்கும்போது தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கும். இதயத்தால் கூட்டித் தள்ள முடியாது. மூளைக்குப் போவது குறையும். இப்படி அறிகுறி காட்டத் தொடங்கிய வால்வை மாற்றாமல் விட்டால் பலருக்கு மிஞ்சுவது சில வருடங்கள்தான். துடிப்புக் கோளாறும், இதயத் தசை தடிப்பதும்கூட இப்படி இருட்ட வைக்கும்.

இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்தாலே பாதி தெரிந்துவிடும், மீதியை எக்கோ, அதாவது இதய ஸ்கேன், சொல்லும். ஈசிஜி நார்மல் என்று யாராவது சொன்னால் அதோடு வீடு திரும்பாதீர்கள். வால்வு சுருங்கியிருந்தும் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் டிரெட்மில் டெஸ்ட்டும் சேர்த்து வைத்திருப்பார்கள். எக்கோ பார்க்காமல் அதில் ஏற வேண்டாம். யூடியூபில் பார்த்து சட்டைப்பையில் வைத்திருக்கிறீர்களே, அந்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையையும் தூக்கி எறியுங்கள், வாயில் போடாதீர்கள். வால்வு சுருங்கியவருக்கு அது பிரஷரைச் சடாரென்று இறக்கிவிடும். எக்கோ முடியும் வரை பாரம் வேண்டாம், சமதரையில் மெதுவாக நடந்தால் போதும். நினைவு தப்பினாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே 108.

பாரம் தூக்கியதால் வால்வு கெடாது. சுருக்கம் இருந்தாலும் நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வு வைக்க இன்று வழி உண்டு. வைத்துக்கொண்டவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகு, படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்புகிறார்கள்.

மூட்டில் சொடக்குச் சத்தமா? வலியும் வீக்கமும் இல்லையென்றால் மறந்துவிடுங்கள்.

கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 என்றதும் உங்கள் மகன் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டாராம். தசை அதிகம் உள்ளவருக்கு அந்த எண் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை, சிறுநீர் ஆல்புமின் இரண்டையும் பார்த்தால் உண்மை தெரியும். எனக்குக் கோபம் வருவது பவுடர் மேல் அல்ல, ஜிம்முக்குக் கிளம்பும்முன் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை மேல். உங்கள் பிரஷர் மாத்திரையில் லோசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கின்றன. நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது, வலி மாத்திரை கிட்னிக்குள் நுழையும் குழாயை இறுக்குகிறது, லோசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகிறது. வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எக்கோ நன்றாக வந்தால் 90 வயதிலும் தூக்கலாமா என்றால், தாராளமாக. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள, தளர்ந்துபோன சிலருக்கு மருத்துவர் மரியா ஃபியாட்டரோனின் குழு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்தது. தங்களால் ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை தூக்க வைத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

ஆனால் முப்பது வயதில் தூக்கிய மாதிரி தூக்கக் கூடாது. முதலில் மூச்சு. 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தமனிக்குள் குழாய் வைத்து அளந்தபோது, காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்த ஓர் இளம் பாடிபில்டரின் பிரஷர் 480/350-ஐத் தாண்டியது. முக்கி மூச்சை அடக்குவதும் அதற்கு ஒரு காரணம். எழும்போது வாய்வழியாக ஊதிவிடுங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் 2 அல்லது 3 செட், 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையிலேயே பாரை வைத்துவிடுங்கள். வயதானால் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். தடுக்கி விழும்போது காலை முன்னால் எடுத்து வைக்க உதவுவது அவைதான். அதனால் மூன்று எண்ணி இறங்குங்கள், ஒன்று எண்ணும் வேகத்தில் எழுங்கள்.

உங்கள் 68 கிலோ எடைக்கு நாளுக்கு 70 முதல் 80 கிராம் புரதம் வேண்டும், கிட்னி உண்மையிலேயே பழுதில்லை என்றால். காலையில் நீங்கள் சாப்பிடும் இரண்டு இட்லியில் 4 கிராம் தேறினால் அதிகம். கூட இரண்டு முட்டை, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் மீனோ பருப்போ தயிரோ என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள்.

மாதம் ஒருமுறை, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 12 நொடியைத் தொட்டால் கையின் பைசெப்ஸ் பயிற்சியை விட்டுவிட்டுக் கால் பயிற்சியைக் கூட்டுங்கள்.