பழைய மஸ்தா வண்டி: கொழிஞ்சாம்பாறை பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி (வண்ணாமடை): அண்ணா, அப்பா ஓட்டுன சுவராஜ் மஸ்தா லாரி எட்டு வருசமா புளியமரத்தடியில நிக்குது. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சுப் பாக்கலாமா?

பதில்: அடிச்சுராதீங்க தம்பி. பிஸ்டன் ரிங்கு லைனரோட, அதாவது சிலிண்டர் உள்சுவரோட, துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா அந்த ஒரே அடியில உடையும். டீசல் பீச்சுற நாசில் நாலையும் கழட்டி, ஓட்டைக்குக் கொஞ்சமா ஆயிலும் டீசலும் கலந்து ஊத்தி ரெண்டு நாள் விடுங்க. அப்புறம் கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையாலயே சுத்துங்க. முழுச் சுத்து வந்தாத்தான் அடுத்த வேலை. டேங்கை இறக்கிக் கழுவுங்க, அடியில தண்ணியும் சேறும் இருக்கும்.

இன்னொண்ணு, டீசல் பம்புல அளவைக் கூட்டிக் குறைக்கற ராக் தாராளமா ஓடுதான்னு பாத்துக்கங்க. முழு டீசல்ல மாட்டியிருந்தா, ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கத்திட்டு ஏறும், சாவிக்கு நிக்காது. ஏர் கிளீனர் ஹோஸைக் கழட்டி வச்சுட்டு, பலகையோட ஒரு ஆள் பக்கத்துல நிக்கட்டும். கத்துனா எஞ்சின் காத்து இழுக்கற அந்த வாயைப் பலகையால அடைக்கணும். கையை வச்சுராதீங்க. எங்க பட்டறையில ஒருக்கா சாக்கை வச்சு அடைச்சோம், பாதிச் சாக்கு உள்ள போயிருச்சு.

கேள்வி (கோபாலபுரம்): ஸ்பேர் எங்கீங்க கிடைக்கும்?

பதில்: 2011ல சுவராஜ் மஸ்தா கம்பெனி பேரு எஸ்எம்எல் இசுசுன்னு மாறுச்சு. பேருதான் மாறுச்சு, 3455 சிசி எஞ்சின் அதுக்கப்புறமும் வந்துச்சு. அதனால பிஸ்டன், ரிங், கேஸ்கட்டுக்கு ரொம்ப அலைய வேண்டாம். ஆனா கடையில போய் "மஸ்தா கிளட்ச் பிளேட்"னு மட்டும் கேக்காதீங்க. பழைய பிளேட்டைக் கையோட கொண்டுபோய், நடு ஓட்டையில பல்லு எத்தனைன்னு எண்ணி, புதுசு மேல வச்சுப் பாத்து வாங்குங்க. கதவு, கண்ணாடி, லைட் மாதிரி கேபின் சாமானுக்கு கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகள்தான். அங்கயும் இல்லைன்னா சென்னை புதுப்பேட்டை.

கேள்வி (வேலந்தாவளம்): கள்ளு ஏத்துன வண்டி ஒண்ணு மலிவா வருது. எஞ்சின் அருமையா ஓடுது. வாங்கலாங்களா?

பதில்: எஞ்சினை விடுங்க, அதை எப்ப வேணா கட்டிக்கலாம். பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா கள்ளு கேரளா பூராவும் போகுது, வழியில சிந்துனது புளிச்சுக் காடியாகி பலகை, கிராஸ் மெம்பர்ங்கற குறுக்குச் சட்டம், சேசிஸ்னு வரிசையா அரிக்கும். மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும். சின்னச் சுத்தியலால சேசிஸை வழிநெடுக தட்டிட்டு வாங்க. கணீர்னு கேட்டா சரி. சத்தம் செத்து, தட்டுன இடத்துல துரு பொருக்கா உதிர்ந்தா திரும்பி வந்துருங்க. சேசிஸ் நம்பர் இருக்கற இடத்துல மட்டும் சுத்தியலோ கிரைண்டரோ படக் கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, தாளை வச்சுப் பென்சிலால தேய்ச்சு, ஆர்சியோட ஒத்துப் பாருங்க.

கேள்வி (பொள்ளாச்சி): கேரளா நம்பர் வண்டியை இங்க பேர் மாத்த?

பதில்: வண்டி பதிவான கேரளா ஆர்டிஓவில ஃபாரம் 28 கொடுத்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று, வாங்கணும். அது கைக்கு வந்தப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

கேள்வி (சித்தூர்): அல்வின் நிசான் லாரி எப்படி?

பதில்: நல்ல வண்டி, ஆனா 1989லயே அந்தக் கம்பெனி மகிந்திரா கைக்குப் போயிருச்சு. உதிரிக்குன்னு இன்னொரு வண்டி கிடைச்சா மட்டும் இறங்குங்க.

கேள்வி (மீனாட்சிபுரம்): ஜப்பான்ல ஓடுற இருபது வருசப் பழைய 660 சிசி குட்டி டிரக்கை இறக்கலாமா அண்ணா?

பதில்: இருபது வருசப் பழசை இறக்க நம்ம இறக்குமதி விதி விடாது தம்பி. பழைய மாருதி ஆம்னியை எடுங்க, அதுவும் சுசுகி கேரி வம்சம்தான். மாருதி 800ல இருக்கற அதே 796 சிசி எஞ்சின், சாமான் எந்த ஊர்லயும் கிடைக்கும். என்ன, எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில இருக்கு. சித்திரை வெயில்ல பாலக்காடு வரை ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.