பாடம் தெரியாதவர் எதற்கு?

அன்புள்ள ஐயா,

நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பாடங்களை ஆன்லைனில் ஏற்ற இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்று, அதாவது பாடத்தைக் கற்க ஏற்றபடி வடிவமைப்பவர் என்று, ஒரு பெண் வந்திருக்கிறார். நர்சிங் படிக்காதவர். என் நாற்பது நிமிட வீடியோவை ஆறு ஆறு நிமிடமாக வெட்டச் சொல்கிறார். பாடம் தெரியாதவர் பாடத்தில் கை வைக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் வருத்தம் புரிகிறது. அந்த ஆறு நிமிடக் கணக்கு 2014இல் ஆய்வாளர் பிலிப் குவோ குழுவினர் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் வீடியோக்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைத்தான் அது அளந்தது, எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் வீடியோ எடிட்டரே போதும்.

நானும் சில வருடம் அந்தப் பெண்ணின் வேலையைத்தான் பார்த்தேன். ஒருமுறை டிரிப் கணக்குப் பாடம். 500 மில்லி சலைன், நான்கு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஆசிரியை சூத்திரத்தை அழகாக விளக்கியிருந்தார். "பிள்ளைகள் எங்கே தப்பு செய்வார்கள் மேடம்?" என்று கேட்டேன். "மணியை நிமிடமாக்க மறந்துவிடுவார்கள்" என்றார் உடனே. வீடியோவில் அது இல்லவே இல்லை. வகுப்பில் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாராம்.

அதனால் விளக்கத்துக்கு முன்பே கணக்கைக் கொடுத்தோம். மறந்தவர்களுக்கு 2500 என்று வரும். அதை அழுத்தினால், "நிமிடத்துக்கு 2500 சொட்டு. கண்ணால் எண்ண முடியுமா?" என்று திரை கேட்கும். அப்புறம்தான் மேடத்தின் விளக்கம், அப்புறம் 42 என்ற விடை. அந்தக் கேள்வி முழுக்க அவருடைய அனுபவம். அது எங்கே வர வேண்டும் என்பது மட்டும் என் வேலை.

1969இல் தொடங்கிய பிரிட்டனின் தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகமான ஓப்பன் யுனிவர்சிட்டியில் ஒவ்வொரு பாடத்தையும் ஒரு குழுதான் உருவாக்கியது. பேராசிரியர்களோடு கல்வித் தொழில்நுட்ப வல்லுநரும் பிபிசி தயாரிப்பாளரும் உட்கார்ந்தார்கள். மாணவர் எதிரில் இல்லாதபோது அவர் சார்பாகக் கேட்க ஒருவர் வேண்டும். அந்தப் பெண் நர்சிங் படிக்காதவர் என்பது இந்த இடத்தில் நல்லதுதான். உங்களுக்குப் பழகிப்போனதெல்லாம் அவருக்குப் புதிது.

உங்களிடம் பழைய விடைத்தாள்கள் இருக்கும். வீடியோவுக்கு முன் அவற்றை எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். தப்பான விடைகளை முதலில் காட்டுங்கள்.