அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் எதுவரை?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் மண் அள்ளுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாததால், ஊர் மக்கள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் அமைதியாக உட்கார்ந்து முறையிட்டார்கள். என் மகனும் எங்கள் சபை வாலிபர்கள் சிலரும் அதில் கலந்துகொண்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் போதகர் ரோமர் 13ஆம் அதிகாரத்தை வாசித்து, இப்படிப்பட்ட போராட்டம் விசுவாசிக்குத் தகாது என்று பிரசங்கித்தார். அன்றுமுதல் மகன் ஆலயத்துக்கு வர மறுக்கிறான். வேதம் உண்மையில் என்ன சொல்கிறது?

பதில்: சகோதரியே, உங்கள் போதகர் எடுத்துக்காட்டிய வசனத்தை நாம் தள்ளிவிட முடியாது. "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று பவுல் எழுதியது, யூதர்களை ரோமாபுரியைவிட்டுத் துரத்திய ரோமப் பேரரசன் கிலவுதியு ராயனின் காலம் முடிந்து, நீரோ சிங்காசனத்தில் இருந்த ஆண்டுகளில். நல்ல ராஜாவுக்கு மட்டும் அடங்கியிருந்தால் போதும் என்று வாதாடுகிறவர்களுக்கு அந்தப் பின்னணி இடம் கொடுக்காது. ஆனால் அந்த வசனத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அதே அதிகாரத்தின் 4ஆம் வசனம், அதிகாரத்தில் இருப்பவனை "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" நியமிக்கப்பட்ட தேவ ஊழியக்காரன் என்கிறது. ஊழியக்காரன் என்றாலே அவனுக்கு மேலே ஓர் எஜமான் இருக்கிறார், அவனுக்கென்று ஒரு வேலையும் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலையைச் செய்யும்படி அவனிடம் கேட்பது அவனை அவமதிப்பதாகாது. சொல்லப்போனால், பவுல் அவனுக்குக் கொடுத்த பட்டத்தை நாம் நம்புகிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

சொல் அளவிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோமர் 13:1இல் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள 'ஹுப்போதாசோ' என்ற வினை, ஓர் ஒழுங்கின்கீழ் தன்னை நிறுத்திக்கொள்வதைக் குறிக்கிறது. யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின்முன் பேதுரு, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" (அப்போஸ்தலர் 5:29) என்று சொன்னபோது வேறொரு சொல் பயன்படுகிறது. நம் வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் 'கீழ்ப்படிதல்' என்றே வருவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எபேசியர் 5:21இல் விசுவாசிகள் "ஒருவருக்கொருவர்" கீழ்ப்படிந்திருக்கும்படி சொல்லப்படும் இடத்திலும் ஹுப்போதாசோதான் இருக்கிறது. அங்கே அதற்கு வாய் திறவாமல் இருத்தல் என்று யாரும் பொருள் சொல்வதில்லை. ஆணையைத் தேவனுக்காக மீற நேர்ந்த அப்போஸ்தலர்களும், அதற்குக் கிடைத்த சிறையையும் அடியையும் ஏற்றுக்கொண்டார்களே தவிர, கலகம் செய்யவில்லை.

இந்த நிருபத்தை எழுதியவரின் நடத்தையைப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றிப் பவுலை அடித்துச் சிறைவைத்த அதிகாரிகள், மறுநாள் காலையில் அவரை இரகசியமாக அனுப்பிவிட விரும்பியபோது, "நாங்கள் ரோமர்" என்று சொல்லி, அவர்களே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துப்போக வேண்டும் என்று நின்றுவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). செசரியாவில், தம் வழக்கை ரோமப் பேரரசனே விசாரிக்க வேண்டும் என்று இராயனுக்கு அபயமிட்டார். சட்டம் தனக்குக் கொடுத்த உரிமையைக் கேட்டுப் பெறுவதை அவர் அவிசுவாசமாக எண்ணவில்லை. நம் நாட்டில் ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. அந்த அரசியலமைப்பும் ரோமர் 13 பேசும் "மேலான அதிகாரத்தில்" சேர்ந்ததுதான். ஆட்சியரும் அதற்குக் கீழ்ப்பட்டவரே. கல் எறியாமலும், வழி மறிக்காமலும், பொய் சொல்லாமலும் முறையிட்ட உங்கள் மகன் எந்த அதிகாரத்தை மீறினான் என்று எனக்கு விளங்கவில்லை.

தமிழ் மண்ணில் நற்செய்திப் பணி தொடங்கிய நாட்களிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்பிய ஊழியர். இரண்டே ஆண்டுகளில், கணவனின் கடன் தொடர்பான வழக்கில் நியாயம் கிடைக்காத ஒரு தமிழ் விதவைக்காகப் பேசியதால், அதே அரசரின் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். ஏறக்குறைய நான்கு மாதம் அவர் உள்ளே இருந்தார். தம்மை அனுப்பிய அரசரின் அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. அந்த அதிகாரி செய்தது சரி என்று சொல்லவும் இல்லை. அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைக் கொண்டாடும் நாம், இந்த நான்கு மாதங்களை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிதாகவே சொல்லித்தருகிறோம்.

ரோமர் 13ஐ மட்டும் தனியே பிடித்துக்கொண்டதன் விளைவைச் சபை வரலாறு நன்றாகவே அறியும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, ஜெர்மானியப் புரொட்டஸ்டண்டுகளில் ஒரு பெரும் பகுதியினர் அதைத் தேவ நியமம் என்று வரவேற்றார்கள். அதை மறுத்து 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், அரசைப் பற்றிய தங்கள் அறிக்கைப் பகுதியை "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்ற 1 பேதுரு 2:17ஆம் வசனத்தோடு தொடங்கினார்கள். அந்த வசனத்தில் ராஜாவுக்குக் கனம் உண்டு, பயம் தேவனுக்கு உரியது. இதெல்லாம் சுவிசேஷத்தை விட்டு விலகியவர்களின் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன்: 1974இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடிய சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் உடன்படிக்கை, நற்செய்தி அறிவித்தலும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமையின் பகுதிகள் என்று கூறி, இவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவையாக எண்ணிய காலத்துக்காக வருத்தமும் தெரிவித்தது.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். ரோமர் 12இன் முடிவில் பழிவாங்குதலுக்கு எதிரான கட்டளை இருக்கிறது. 13ஆம் அதிகாரம் அதன் தொடர்ச்சி. போதகர்மேல் உள்ள கோபத்தால் ஆராதனையை விட்டு நிற்பதும் ஒருவகைப் பழிதான். வாலிபர் ஐக்கியத்தில் 12:9 முதல் 13:10 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பேசும்படி போதகரையே அழைத்தால், அவர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

வாசகர் கேள்வி: அப்படியானால், தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று ஆலயத்தில் அறிவிப்பதும் சரிதானே?

பதில்: சரியல்ல. வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் சமயத் தலங்களை அரசியல் செயல்பாட்டுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. முன் கேள்வியில் சட்டத்தைத் துணைக்கு அழைத்தவர்கள் இங்கே அதை மறந்துவிட முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, பிரசங்க பீடத்திலிருந்து ஒரு சின்னத்தைச் சொல்லும்போது, வேறு சின்னத்துக்கு வாக்களிக்கும் விசுவாசியின் மனச்சாட்சியைக் கர்த்தருடைய பெயரால் நெருக்குகிறோம். குளத்தில் மண் அள்ளுவது அநியாயம் என்று பீடத்திலிருந்து சொல்லலாம். அதை எந்தக் கட்சி நிறுத்தும் என்பது ஒவ்வொருவரும் தாமே நிதானித்து முடிவுசெய்ய வேண்டியது. அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் சொல்கிறது. எனவே வேட்பாளர்கள் எல்லாருக்காகவும் ஜெபியுங்கள். சின்னத்தைக் குறிப்பிடாமல் ஜெபிக்க இயலாதவர்கள், அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஜெபத்தை வேறு மூப்பரிடம் கொடுத்துவிடலாம்.