ஷூ கம்பெனி இன்டர்வியூ: கையில் இருக்கும் ஆங்கிலத்தை வைத்தே தயாராகலாம்

கேள்வி: குடியாத்தம் பக்கம் கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் கம்பெனியில் மூன்று வருடமாக குவாலிட்டி செக்கர் வேலை. இப்போது ராணிப்பேட்டையில் ஓர் ஏற்றுமதி நிறுவனம் மெர்ச்சண்டைசர் வேலைக்கு இன்டர்வியூவுக்கு அழைத்திருக்கிறது. என் வேலையைப் பற்றிப் பத்து நிமிட பிரசன்டேஷனும் தர வேண்டுமாம், எல்லாம் ஆங்கிலத்தில். மூன்று வாரம்தான் இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேரட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று வாரத்தில் அங்கே டென்ஸ் பாடமே முடியாது. மெர்ச்சண்டைசர் என்றால் சாம்பிள் ஓகே ஆவதிலிருந்து ஷிப்மென்ட் ஏறும் வரை ஆர்டரின் பின்னாலேயே ஓட வேண்டிய வேலை. அந்த ஆங்கிலத்தில் பாதி உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டிங், ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்குவது), லைனிங், ரிஜெக்‌ஷன், ரீவொர்க் எல்லாம் தினமும் சொல்கிறீர்கள். அவற்றைக் கோக்கும் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான் பாக்கி. நம் பக்கத்துத் தோல் பொருட்களை வாங்கும் ஜெர்மனிக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். நீளமான அலங்கார வாக்கியத்தைக் கேட்டால் அவர்களும் திணறுவார்கள். பேனலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முதல் கேள்வி அநேகமாக ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’. நம் பிள்ளைகள் அப்பா என்ன வேலை, அம்மா இல்லத்தரசி, தம்பி எத்தனையாவது படிக்கிறான் என்று ஆரம்பிப்பார்கள். ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும். நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று விஷயம்: இப்போது என்ன வேலை, அதில் எதைச் சரியாகச் செய்தீர்கள், இந்த வேலை ஏன் வேண்டும். ‘மைசெல்ஃப்’ என்று தொடங்காதீர்கள், ‘ஐ ஆம்’ போதும். ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ வேண்டாம், ‘ஐ ஹேவ்’. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’டை வெட்டிவிடுங்கள். இந்த மூன்றைத் திருத்தினாலே காதுக்கு உறுத்தல் பெரிதும் குறையும். மற்ற இலக்கணப் பிழைகளை இந்த மூன்று வாரம் மறந்துவிடலாம்.

இன்டர்வியூவை ஜெயிப்பது அனுபவக் கேள்விதான். ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பார்கள். ‘ஸ்டிச்சிங் ப்ராப்ளம் கேம், வீ ரெக்டிஃபைட், நோ இஷ்யூ சார்’ என்று முடித்துவிட்டால் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற வரிசையில் சொல்லுங்கள். மனிதவளத் துறையில் இதை ‘ஸ்டார்’ முறை என்பார்கள். உதாரணத்துக்கு:

‘ட்வெல்வ் பேர்ஸ் அவுட் ஆஃப் எ ஹண்ட்ரட் ஹேட் ஸ்கிப்டு ஸ்டிச்சஸ். ஐ வாஸ் த செக்கர் ஆன் தட் லைன். ஐ செக்டு த மெஷின்ஸ் ஒன் பை ஒன். டூ மெஷின்ஸ் ஹேட் பென்ட் நீடில்ஸ். த மெக்கானிக் சேஞ்ச்டு தெம். நெக்ஸ்ட் டே, ஒன்லி டூ பேர்ஸ் கேம் பேக்.’

ஒரு கடினமான சொல்கூட இதில் இல்லை. ஆனால் ஊசி வளைந்தால் தையல் விட்டுப்போகும் என்று தெரிந்தவர், அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் என்பது விளங்கிவிடும். இதை அப்படியே ஒப்பிக்காமல், உங்கள் லைனில் நிஜமாக நடந்ததை எடுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பொய் வெளுத்துவிடும். இன்னொன்று, ‘நான் செய்தேன்’ என்று சொல்ல நமக்குக் கூச்சம், எல்லாவற்றையும் ‘வீ’ ஆக்கிவிடுவோம். குழு செய்ததற்கு ‘வீ’ சரி. உங்கள் கை பட்டதற்கு ‘ஐ’ என்றே சொல்லுங்கள், யாரும் அதைத் திமிர் என்று நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் பிரசன்டேஷன். கம்பெனி வரலாறு, தோல் தொழிலின் பெருமை எல்லாம் வேண்டாம், பேனலுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். ‘ஓர் அப்பரில் குறையை எந்த எந்த இடத்தில் பிடிக்கிறேன்’ என்று ஒரே விஷயத்தை எடுங்கள். ஐந்தாறு ஸ்லைடு போதும். ஸ்லைடில் படமும் நான்கைந்து சொல்லும் இருக்கட்டும். முழு வாக்கியம் எழுதினால் நீங்கள் திரையைப் பார்த்து வாசிப்பீர்கள், அவர்களும் வாசிப்பார்கள், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இப்போதைய கம்பெனியின் சாம்பிளையோ பையரின் (சரக்கு வாங்குபவரின்) பெயரையோ வெளியே கொண்டுபோகாதீர்கள். கடையில் வாங்கிய ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினால் போதும், கை நடுக்கமும் கொஞ்சம் அடங்கும்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது எண்களில். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலவே கேட்கும். ரிஜெக்‌ஷன் பதினைந்து சதவீதமா ஐம்பதா என்பது சின்ன விஷயமா? பதினைந்துக்கு ‘டீன்’னை அழுத்தி நீட்டுங்கள், ஐம்பதுக்கு ‘ஃபிஃப்’பை அழுத்தி ‘டி’யைக் குறுக்குங்கள். சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். லட்சம், கோடி வெளிநாட்டு பையருக்குப் புரியாது. இரண்டு லட்சம் ஜோடி என்பது ‘டூ ஹண்ட்ரட் தௌசண்ட் பேர்ஸ்’, ஒரு கோடி ‘டென் மில்லியன்’. தேதியை 5/6 என்று எழுதினால் அமெரிக்கர் மே 6 என்று படிப்பார், ஐரோப்பியர் ஜூன் 5 என்று படிப்பார். ஸ்லைடில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். ஒரு மெர்ச்சண்டைசரிடம் இந்தக் கவனத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

கேள்வி புரியவில்லை என்றால் ‘ஆங்?’ என்று இழுக்காமல் ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ‘ஐ ஹேவ்ன்ட் ஹேண்டில்டு தட் யெட்’ என்று சொல்லி, தெரிந்ததை ஒரு வரி சேர்த்தால் போதும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்காதீர்கள். நம் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது.

பயிற்சிக்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் உங்களுக்கே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறதோ அதை இரண்டாக வெட்டுங்கள். முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்யலாம். பத்து நிமிடத்தையும் செயற்கை நுண்ணறிவில் எழுதி வாங்கி உருப்போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் போச்சு. அதோடு, அடுத்து நீங்களாகப் பேசும் ஆங்கிலம் அதோடு ஒட்டாது.

பேனலில் இருப்பவர் திடீரென்று தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அடுத்த கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் லைன் சூப்பர்வைசரிடம் தமிழிலும் பையரிடம் ஆங்கிலத்திலும் மாறி மாறித்தான் பேசப்போகிறீர்கள், அவர்கள் அதையும்கூட அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்.