செல்ஃப் இழுக்கிறதா, இன்ஜின் பிடிக்கவில்லையா?

கேள்வி: எங்கள் லாரி 24 வோல்ட், டீசல். ஹெட் கேஸ்கெட் போனதால் ஹெட்டை இறக்கி வேலை பார்த்தார்கள். செல்ஃப் மோட்டாரையும் அப்போது கழற்றி மாட்டினார்கள். முன்பு சாவியைத் திருப்பியதும் எடுத்த வண்டி, இப்போது தள்ளாடித் தள்ளாடிச் சுற்றி, ஒருவழியாகத்தான் எடுக்கிறது. இரண்டு பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வேலைக்கு முன்பு சரியாக இருந்து, வேலைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால், யாருடைய கை எங்கே பட்டதோ அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். பேட்டரியின் மேல் யாரும் கை வைக்கவில்லை. வண்டி பல நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தால் சார்ஜ் இறங்கியிருக்கலாம். அதற்கு மருந்து சார்ஜர், புது பேட்டரி அல்ல.

அதையும் அளந்தே பாருங்கள். வண்டியை அணைத்து ஒரு இரவு விட்டு, இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது மேலே என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இரண்டையும் சேர்த்து அளந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். முழு சார்ஜில் ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். ஒவ்வொரு பேட்டரியும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மிதமான வெயிலுக்கு உரிய கணக்கு இது; குளிரில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒன்று மட்டும் சரிந்தால் அந்தப் பேட்டரிதான் ஆள். அப்போதும் மாற்றுவதென்றால் ஒரே திறன், ஒரே வயதில் இரண்டாக மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் வரிசையாக இணைத்தால் சார்ஜ் ஏறும்போது ஒன்று பட்டினி கிடக்கும், மற்றது கொதிக்கும்.

பேட்டரி தாங்குகிறது, ஆனாலும் சுற்றுவது மந்தம் என்றால் முதல் சந்தேகம் எர்த் கேபிள். ஹெட் வேலைக்கு இன்ஜினைச் சுற்றிக் கழற்றும்போது இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையும் கழலும். திரும்ப மாட்ட மறப்பார்கள். அல்லது புதிதாக அடித்த பெயின்டின் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். செல்ஃப் மோட்டாருக்கும் அதன் உடல் வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. அது உட்காரும் முகத்தில் பெயின்டோ பசையோ இருந்தால் அங்கேயும் தடை. எர்த் சரியில்லாத வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடும். செல்ஃப் அடித்த பிறகு ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடாக இருந்தால் இதுவே காரணம்.

சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரித் தொகுப்பின் நெகடிவ் முனையில், அதாவது சேஸிஸுக்குப் போகும் முனையில் வையுங்கள். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் நடுக் கேபிள் அல்ல. மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடலில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ தடை. பாசிடிவ் பக்கமும் அப்படியே: பேட்டரி பாசிடிவ் முனையிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை. கிளாம்ப் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே முனையை வையுங்கள். கிளாம்புக்கும் குமிழுக்கும் இடையில் உள்ள தடையும் அப்போதுதான் தெரியும்.

"கேபிளை மீட்டரில் பார்த்தோம், தொடர்பு இருக்கிறது" என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நூறு இழை அறுந்து ஒரே இழை மிச்சம் இருக்கும் கேபிளும் அந்தச் சோதனையில் தேறும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும். மீட்டர் இல்லையென்றால் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை நெகடிவ் முனையிலிருந்து நேரே இன்ஜின் பிளாக்குக்குப் பிடியுங்கள். பழைய வேகம் திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசினால் போதும்.

இதெல்லாம் சரி என்றால் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டி ஆம்பியரைப் பாருங்கள். மந்தமாகச் சுற்றுகிறது, ஆம்பியரும் குறைவு என்றால் எங்கோ தடை, அல்லது செல்ஃபின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மந்தமாகச் சுற்றுகிறது, ஆம்பியர் எகிறுகிறது என்றால் செல்ஃப் உள்ளே உரசுகிறது, அல்லது இன்ஜினே இறுக்கம். இன்ஜினைக் கையால் கிராங்க் புல்லியில் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் எது என்று பிரிந்துவிடும். கம்ப்ரஷன் வரும் இடங்களில் கனப்பது இயல்பு. ரிங், பேரிங் மாற்றியிருந்தால் கொஞ்சம் இறுக்கமும் இயல்பு. ஹெட் வேலை மட்டும் செய்த இன்ஜின் புதிதாக இறுக்கமாகக் கூடாது. கிளட்சை மிதித்தபடி செல்ஃப் அடித்து வேகம் கூடுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கூடினால் கியர்பாக்ஸ் பக்கம் இழுவை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுற்றும்போது டக்கென்று ஓரிடத்தில் நின்றால், மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். ஹெட் வேலைக்குப் பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் தண்ணீர் வெளியே வரும்.

கேள்வி: எங்கள் வண்டியில் இன்ஜெக்டர் வேலை முடிந்தது. செல்ஃப் வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிக்க வெகுநேரம் ஆகிறது. செல்ஃபை மாற்றலாமா?

பதில்: வேகமாகச் சுற்றும் செல்ஃபுக்கு இதில் பங்கில்லை. சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை.

புகை இல்லாத வண்டியில் பெரும்பாலும் டீசல் குழாயில் ஏர் இருக்கும். இரவு நின்ற வண்டி மட்டும் காலையில் சிரமப்படுகிறது, சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் உடனே பிடிக்கிறது என்றால் டீசல் பின்னால் இறங்கிப் போகிறது. கழற்றிய ஒவ்வொரு பான்ஜோ போல்ட்டிலும் (டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) தாமிர வாஷர் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். பழைய வாஷரை மறுபடி போட்டால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலேயே காற்று உள்ளே வரலாம். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை இறுகும்வரை அடித்துவிட்டு எடுத்தால் உடனே பிடிக்கிறதென்றால் அதுதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் இன்ஜெக்டர் ரிட்டர்னில் அதிகம் வழிந்தால் ரெயிலில் அழுத்தம் ஏறத் தாமதமாகும். ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டு அளவை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட வெகு வேகமாக நிரம்பினால் அதைச் சோதனைக்குக் கொடுக்கலாம். புது இன்ஜெக்டரின் மேல் எழுதிய குறியீட்டு எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய வண்டியா என்றும் கேளுங்கள்.

வெள்ளைப் புகைக்கு டேப்பெட் இடைவெளி, பம்ப் டைமிங், இன்ஜெக்டரின் அடி வாஷர், குளிரில் இன்ஜின் பிடிக்கச் சூடேற்றும் ஹீட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிராங்க் சென்சாரோ கேம் சென்சாரோ சரியாக உட்காராவிட்டாலும் இதே தாமதம் வரும். அதை ஸ்கேனர் காட்டிவிடும். ஹீட்டர் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்பிரே அடிக்கக் கூடாது. ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

கேள்வி: வேலை பார்த்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோவதா, வேறு மெக்கானிக்கிடம் போவதா?

பதில்: முதலில் பழைய இடம்தான். வேறொருவர் கழற்றிவிட்டால், "அவர் கெடுத்தது" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். வாய்ச்சொல்லாகப் போகாமல் நீங்கள் அளந்த வோல்ட்டை எழுதிக்கொண்டு போங்கள். செல்ஃப் அடிக்கும் வீடியோவில் மீட்டரும் தெரிந்தால் இன்னும் நல்லது. பில்லில் "இன்ஜின் வேலை" என்று ஒற்றை வரி போட்டிருந்தால், எந்த உதிரிபாகம், எத்தனை, என்ன பார்ட் எண் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். பேட்டரியோ செல்ஃபோ போட்டுப் பார்க்கலாம் என்றால், "சரியாகாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா" என்று மாட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மின் உதிரிபாகங்களை மாட்டிய பிறகு திரும்ப எடுக்கும் கடை அரிது.