இலவசமாகக் கிடைத்த டெலிகிராம் பாட் நிரலை நம்பி ஓட்டலாமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு நடத்துகிறேன். விளம்பர லிங்க் போடுபவர்களைத் தானாக நீக்கும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்று, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைத்தது. பைதானில் எழுதியது. ஓரளவு வாசிக்கத் தெரியும். என் லேப்டாப்பில் ஓட்டலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். முதலில் அது உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். குழுவைக் கவனிக்கும் பாட்டுக்கு, டெலிகிராமில் பாட்களைப் பதிவு செய்யும் பாட்ஃபாதர் தரும் டோக்கன் (அந்தப் பாட்டின் ரகசியச் சாவி) போதும். உங்கள் ஃபோன் நம்பரையும் ஓடிபியையும் கேட்டால், அது பாட்டாக அல்ல, நீங்களாகவே உள்ளே நுழையப் பார்க்கிறது. அப்படி உருவாகும் செஷன் கோப்பு (நீங்கள் உள்ளே நுழைந்ததற்கான பதிவு) யார் கைக்குப் போனாலும் உங்கள் கணக்கு முழுவதும் அவர்களுடையது. அங்கேயே நிறுத்திவிடலாம்.

டோக்கன் மட்டும்தான் கேட்கிறதா? சரி, அடுத்து ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு, அதாவது பாட்டுக்குத் தேவையான பேக்கேஜ்களின் (பிறர் எழுதிய துணை நிரல்களின்) பட்டியல். பாட்டின் சொந்த நிரல் சுத்தமாக இருக்கலாம்; அது இழுத்துவரும் பேக்கேஜில் வில்லங்கம் இருக்கலாம். 2024 மார்ச்சில் வெளிவந்த டாப்.ஜிஜி விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலிக்கு பாட் எழுதுபவர்கள் கூடும் இடம் அது. அவர்களுடைய கிட்ஹப் களஞ்சியத்திலேயே திருடர்கள் நஞ்சு கலந்த கலரமா பேக்கேஜைச் சேர்த்துவிட்டார்கள். எழுத்துக்கு நிறம் கொடுக்கும் சாதாரண பேக்கேஜ்; யார் சந்தேகப்படுவார்கள்? இறக்கும் முகவரியில்தான் வித்தியாசம்: 'பைதான்ஹோஸ்டட்' இருக்க வேண்டிய இடத்தில் 'பைபிஹோஸ்டட்'. பிரவுசர் குக்கீ, டிஸ்கார்ட் டோக்கன், டெலிகிராம் செஷன், கிரிப்டோ வாலட் என எல்லாவற்றையும் அள்ளியது. ஆகவே அந்தக் கோப்பில் பேக்கேஜ் பெயருக்குப் பதில் முழு முகவரி இருந்தால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அந்தக் கலரமாவில் இன்னொரு தந்திரமும் இருந்தது. கெட்ட வரிக்கு முன்னால் ஏராளமான வெற்றிடம். திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால்தான் கண்ணில் படும். எடிட்டரில் வேர்ட் ராப் (நீள வரியை மடித்துக் காட்டும் வசதி) போட்டுவிட்டுப் படித்தால் அந்த வரி கீழே வந்து விழும்.

அப்புறம் தேடல். நிரலையோ கட்டளையையோ ஓட்டும் எக்ஸெக், எவால், சப்ப்ராசஸ், தகவலை வேறு எழுத்துகளாக மாற்றி வைக்கும் பேஸ்64 ஆகிய சொற்களைத் தேடுங்கள். பேஸ்64 மட்டும் இருந்தால் குற்றமில்லை, படங்களுக்கும் பயன்படுத்துவார்கள். அதைப் பிரித்த கையோடு எக்ஸெக்குக்குக் கொடுத்தால் மறைக்க ஏதோ இருக்கிறது. வெளியே அனுப்பும் முகவரிகளையும் பாருங்கள்: டெலிகிராம் பாட்டுக்கு டிஸ்கார்ட் வெப்ஹூக்கில் (வெளியிலிருந்து தகவல் அனுப்பும் முகவரியில்) என்ன வேலை? திருடியதைக் கொண்டுபோய்க் கொட்ட வெப்ஹூக் வசதியான இடம். பாண்டிட் என்ற இலவசக் கருவி இவற்றில் பலவற்றைச் சுட்டிக்காட்டும். ஆனால் எழுதியவரின் நோக்கம் அதற்குத் தெரியாது. கிட்ஹப் ஸ்டார் எண்ணிக்கையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது காசுக்கே கிடைக்கிறது.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் லேப்டாப்பில் நேரடியாக வேண்டாம். சில பேக்கேஜ்கள் நிறுவும்போதே நிரலை ஓட்டிவிடும். விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் தனியாக ஓடும் மென்பொருள் கணினியில்), சோதனைக்கென்று உருவாக்கிய டோக்கனோடு, இரண்டு பேர் மட்டும் உள்ள குழுவில் ஓட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால், ஃபோனிலிருந்து பாட்ஃபாதரில் ரிவோக் கொடுத்துப் பழைய டோக்கனைச் செல்லாததாக்குங்கள். டெலிகிராம் அமைப்புகளில் டிவைசஸ் பகுதிக்குப் போய் மற்ற எல்லாச் செஷன்களையும் முடித்துவிடுங்கள். மெயிலிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதில் எதையும் அந்த லேப்டாப்பில் செய்யாதீர்கள்.