லூல்கந்துரப் புகைபோக்கி: எச்டிஆரா, கறுப்பு வெள்ளையா?

இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில், அந்நாட்டில் வணிகத் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் மரக்குடிலில் எஞ்சியிருக்கும் கற்புகைபோக்கியின் படத்தை எச்டிஆர் (வெளிச்சம், நிழல் இரண்டிலும் விவரம் தெரியச் செய்யும் முறை), செபியா (பழைய படத்தின் பழுப்புச் சாயல்), கறுப்பு வெள்ளை என்று மூன்று விதமாகத் திருத்தி, கண்காட்சிக்கு எதை அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எச்டிஆர் வேண்டவே வேண்டாம். கல்லின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறது. நிழல்களையெல்லாம் உயர்த்தியதால் கல் தட்டையாகிவிட்டது. போதாததற்கு, மூடுபனியை நீக்கும் டிஹேஸையும் ஏற்றியிருக்கிறீர்கள் போலும். மலையகத்தில் பின்னாலுள்ள மலையைத் தூரமாகக் காட்டுவதே மூடுபனிதான்! அதைத் துடைத்துவிட்டால் மலையும் புகைபோக்கியும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொள்ளும்.

செபியா? 1867இல் டெய்லர் அங்கே தேயிலை பயிரிட்டார் என்பதற்காகப் படத்துக்கும் வயதேற்ற வேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளையையே அனுப்புங்கள், ஆனால் இப்படியே அல்ல. நிறத்தை மட்டும் நீக்கியதால் கல்லும் தேயிலைச் செடியும் ஒரே சாம்பலாகிவிட்டன. திருத்தும் மென்பொருளின் நிறக் கலவைப் பகுதியில் மஞ்சள், பச்சை நிறங்களின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். கொழுந்தின் நிறத்தில் மஞ்சள்தான் கூடுதல், அதனால் மஞ்சளைக் குறைத்தாலே செடி இருண்டு கல் முன்னே வரும். பாசி படிந்த இடங்களும் சேர்ந்து கறுக்கும். அங்கே மட்டும் தூரிகையால் சற்று வெளிச்சம் கொடுங்கள். இதையெல்லாம் வண்ணக் கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும். கறுப்பு வெள்ளையாகச் சேமித்துவிட்ட ஜேபெக்கில் நடக்காது.